மலை வீட்டுத் தோட்டத்தைக் கோடைப் பயிருக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பாதி தாண்டியதும் நீலகிரியிலும் பழனி மலையிலும் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரே குழப்பம். பனிக்காலத்தில் போட்ட பட்டாணி, கோஸ், பூண்டு எல்லாம் இன்னும் பாத்தியில் நிற்கும். வெயிலோ ஏறத் தொடங்கியிருக்கும். எதை எடுப்பது, எதை விடுவது, காலியான இடத்தில் எதைப் போடுவது? இதைப் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் பொருந்துபவை. கொதிக்கிற வெயிலைத் தாங்கும் பயிராகப் பார்த்துப் போடச் சொல்வார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. இரவுக் குளிர், பங்குனியில் வரும் தண்ணீர்த் தட்டுப்பாடு, ஆனியில் வரப்போகும் மழைக்காற்று, இந்த மூன்றும்தான் மலையில் கோடைத் தோட்டத்தைத் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த மூன்றை மனதில் வைத்து எழுதியவை.

கோடைப் பயிருக்கு எப்போது மாறுவது? ஒரு தேதி சொல்ல முடியுமா?

மலை முழுவதற்கும் ஒரே தேதி பொருந்தாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், குன்னூர் சுமார் 1,850, கூடலூர் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் 6 டிகிரிக்குக் குறையாமல் இறங்கிவிடும். அதனால் கூடலூரில் தை கடைசியிலேயே பீன்ஸ் ஊன்றலாம். குன்னூர், கோத்தகிரி, தாண்டிக்குடி பக்கம் மாசி நடுவில் தொடங்கலாம். ஊட்டி, கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் என்றால் பங்குனி பிறக்கும்வரை பொறுப்பது நல்லது.

இதிலும் உங்கள் இடம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு வாரம் முன்பின் ஆகும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஓடை ஓரத் தோட்டத்தில் உறைபனி விழுந்து எல்லாம் கருகிப்போன அன்று, அதே ஊரில் மேட்டு வீட்டில் ஒரு இலைகூட வாடியிருக்காது. உங்கள் வீடு பள்ளத்தில் என்றால் மேட்டு வீட்டாரைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

நான் நம்புவது மண்ணின் வெப்பத்தைத்தான். சாதாரண வெப்பமானி ஒன்றைக் காலை ஏழு மணிக்கு மண்ணில் விரல் ஆழத்துக்குச் செருகிப் பாருங்கள். ஒரு வாரம் தொடர்ந்து 15 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால் பீன்ஸ், சுகினி, பூசணி, மக்காச்சோளம் எதையும் விதைக்கலாம். அதைவிடக் குளிர்ந்த ஈர மண்ணில் போட்ட பீன்ஸ் விதை முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும்.

எல்லாப் பாத்தியையும் ஒரேயடியாகக் காலி செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

வேண்டாம். தோட்டம் முழுவதையும் கொத்திப் போட்டால், பங்குனி வெயிலிலும் காற்றிலும் வெறும் மண் காய்ந்து பொடியாகும். சித்திரையில் திடீரென்று அடிக்கும் இடி மழையில் அந்தப் பொடி மண் அப்படியே சரிவில் போய்விடும். நம் மலையில் போன மேல்மண் திரும்பி வராது. பாத்தி பாத்தியாக மாற்றுங்கள். ஒன்றை எடுத்து, உரமிட்டு, விதைத்து, மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த புல், சருகு) போட்ட பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

எதை முதலில் எடுப்பது என்று பார்த்தால், கார்த்திகை வாக்கில் ஊன்றிய பூண்டு பங்குனியை ஒட்டி இலை மஞ்சளாகித் தானே சொல்லிவிடும். அந்தப் பாத்திதான் முதலில் காலியாகும். அடுத்து பட்டாணி. அப்புறம் தண்டு விட்ட கீரை வகைகள். இறுகிய கோஸை வெட்டிவிடலாம், வெயில் ஏறியபின் மழை பெய்தால் தலை வெடிக்கும். கேரட், பீட்ரூட், லீக்ஸ் இவற்றுக்கு அவசரம் இல்லை. சமையலுக்குத் தேவைப்படும்போது பிடுங்கிக்கொண்டே, காலியாகும் இடைவெளியில் அடுத்ததை நடலாம். வீட்டுத் தோட்டத்தில் பாதிப் பாத்தி பழசும் பாதி புதுசுமாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கோஸும் பீட்ரூட்டும் திடீரென்று பூத்தண்டு விடுகின்றன. காப்பாற்ற முடியுமா?

முடியாது. கோஸ், கேரட், பீட்ரூட், வெங்காயம் இவை ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகு பூக்கும் பயிர்கள். செடி ஓரளவு பெரிதான பின் மார்கழி, தைக் குளிரை வாங்கிவிட்டால், வெயில் வந்ததும் பூக்கத்தான் பார்க்கும். தண்டை ஒடித்துவிட்டால் பக்கத்திலிருந்து இன்னொன்று வரும், கிழங்கு நார் பாயும். தண்டு தெரிந்த அன்றே பிடுங்கிச் சமைத்துவிடுங்கள்.

ஒன்று இரண்டு நல்ல பீட்ரூட் செடிகளை மட்டும் விதைக்கு விட்டுவைக்கலாம். ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஊட்டி 1 பீட்ரூட் இந்த மலைக் குளிரிலேயே விதை பிடிக்கும் ரகம். சமவெளியில் இப்படி வீட்டில் விதை எடுக்க முடியாது, நமக்கு முடியும். இதை நம் ஆட்கள் ஏன் இன்னும் நிறையப் பேர் செய்வதில்லை என்று எனக்கு ஆதங்கம்தான்.

கொத்தமல்லியும் லெட்யூஸும் தண்டு விடுவதற்குக் காரணம் வேறு. பெரும்பாலும் வெயில், இல்லாவிட்டால் தண்ணீர் குறைவு. வெளிநாட்டு விதைப் பொட்டலத்தில் கோடையில் பகல் நீளுவதால் பூத்துவிடும் என்று போட்டிருப்பார்கள். நம் ஊரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான் வரும். அதனால் மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடத்தில், காயவிடாமல் தண்ணீர் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி விதைத்துக்கொண்டே வந்தால் கோடை முழுவதும் லெட்யூஸ் சாப்பிடலாம்.

பட்டாணிக் கொடியைப் பிடுங்குவதா, வெட்டுவதா?

தரையோடு வெட்டுங்கள். வேர் மண்ணுக்குள்ளேயே மக்கட்டும். கொடியில் மாவு பூசினாற்போல் சாம்பல் நோய் இருந்தால் அதை மட்டும் மூடாக்காகப் போடாமல் குப்பைக்குழியின் அடியில் புதைத்துவிடுங்கள். காலியான பட்டாணிப் பாத்தியில் பீன்ஸ் போட வேண்டாம், இரண்டும் ஒரே குடும்பம். கோஸ், காலிஃபிளவர், மக்காச்சோளம், சுகினி நன்றாக வரும்.

கோடைப் பயிருக்கு மண்ணை எப்படித் தயார் செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லாரும் உரத்தின் பெயரை எதிர்பார்க்கிறார்கள். நம் மலையில் அதற்கு முன்பு பார்க்க வேண்டியது புளிப்பு. பல நூறு ஆண்டு மழை மண்ணில் இருந்த சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டதால் நீலகிரி, கொடைக்கானல் மண் பெரும்பாலும் அமில மண். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5 வாக்கில் இருப்பது சாதாரணம், தேயிலைத் தோட்டமாக இருந்த இடம் என்றால் இன்னும் கீழே இருக்கும். தேயிலைக்கு அது பிடிக்கும். பீட்ரூட், பீன்ஸ், கோஸ், கீரைக்குப் பிடிக்காது. அந்த மண்ணில் எவ்வளவு எரு போட்டாலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பூட்டியே கிடக்கும். பீட்ரூட் இலை சிவந்து சுருங்கி, கிழங்கு கோலிக்குண்டு அளவிலேயே நின்றால் முதலில் புளிப்பைச் சந்தேகப்படுங்கள்.

மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுப்பதுதான் சரியான வழி. எங்கே கொடுப்பது என்று பக்கத்திலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்கலாம். பொதுவாக, புளித்த மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் அல்லது விவசாயச் சுண்ணாம்புத் தூள் போதும். பாத்தி காலியான அன்றே தூவி, மேல் மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குக் கலந்து, தண்ணீர் தெளித்துவிடுங்கள். மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் எரு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் எருவில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகிப் போகும், மூக்கைப் பிடிக்கும் நெடி வருவது அதனால்தான். சுவருக்கு அடிக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள், வேர் வெந்துவிடும்.

உருளைக்கிழங்கு போடப்போகும் பாத்திக்கு மட்டும் சுண்ணாம்பு வேண்டாம். கிழங்குத் தோலில் சொறி வரும்.

எரு என்றால் நன்றாக மக்கிய சாணி எரு, சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிலோ. லாரியில் சமவெளியிலிருந்து வரும் எருவை இறக்கியவுடனே பயன்படுத்த வேண்டாம். குவித்து, நனைத்து, மூடிவைத்து, உள்ளே கை விட்டால் சூடு இல்லை என்ற நிலைக்கு வந்த பிறகு எடுங்கள். பச்சைக் கோழி எரு கேரட்டுக்குப் போட்டால் கேரட் கவட்டை கவட்டையாகப் பிளக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் கோடைக்கு எந்தெந்தப் பயிர்கள் உண்மையிலேயே நன்றாக வரும்?

ஒரே ஒரு பயிருக்குத்தான் இடம் என்றால் பீன்ஸ் போடுங்கள். மலைக் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் எனக்குத் தெரியாது. பகலில் 22, 23 டிகிரி, இரவில் 11, 12 டிகிரி என்பது பீன்ஸுக்குப் போதும். செடி பீன்ஸ் 50 முதல் 60 நாளில் காய்க்கும். கொடி பீன்ஸ் இரண்டு மூன்று வாரம் தாமதமாகும், ஆனால் நீண்ட நாள் பறிக்கலாம். பட்டர் பீன்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், பருப்பு முற்றிப் பறிப்பதால் பொறுமை வேண்டும்.

இங்கே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஆனி பிறந்ததும் மூடுபனியும் சாரலும் தொடங்கும், இலையில் ஈரம் காயாது, துரு நோய் வரும். அதற்குள் செடி பீன்ஸ் பறிப்பு பாதியாவது முடிந்திருக்க வேண்டும் என்றால் பங்குனிக்குள் விதைத்தாக வேண்டும். சித்திரை கடைசியில் விதைத்தவர்கள் பூவைப் பார்ப்பார்கள், காயைப் பார்ப்பது அரிது. கொடி பீன்ஸ் போடுவதானால் குச்சியை முதலில் நட்டுவிட்டு, குச்சிக்கு மூன்று விதை ஊன்றுங்கள். பிறகு குச்சி நட்டால் வேர் அறும். விதையை ஊறவைக்க வேண்டாம், குளிர்ந்த மண்ணில் ஊறிய விதை சீக்கிரம் அழுகும். புள்ளி விழுந்த காயிலிருந்து விதை எடுக்கவே கூடாது, கரும்புள்ளி நோய் விதையோடேயே அடுத்த பருவத்துக்கு வந்துவிடும்.

பீன்ஸுக்கு அடுத்து சுகினி. விதைத்து 50 நாள் வாக்கில் காய் வரும், ஒரு குடும்பத்துக்கு இரண்டு செடி தாராளம். மூட்டம் போட்ட நாளில் தேனீ வெளியே வராது. காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்களே தடவிவிட்டால் பிஞ்சு அழுகாது. மக்காச்சோளம் போட்டால் ஒரே வரிசையாக நீட்டாமல் நாலு வரிசையாகச் சதுரமாகப் போடுங்கள். காற்றில்தான் மகரந்தம் சேரும், ஒற்றை வரிசையில் மணி பிடிக்காது.

மேரக்காய் கொடி இல்லாத மலை வீடு உண்டா? இல்லாவிட்டால் இப்போது வையுங்கள். முளைவிட்ட முழுக் காயை, முளை பக்கம் வெளியே தெரிய, சாய்த்துப் பாதி புதைத்தால் போதும். கொடைக்கானல் கீழ்மலைக்காரர்கள் சவ்சவ் என்று சொல்வதும் இதைத்தான். பந்தல் மட்டும் பலமாக இருக்க வேண்டும்.

தக்காளி, குடைமிளகாய்?

குன்னூர், கோத்தகிரியில் வெளியில் வளர்க்கலாம். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் செடி அழகாக வளரும், பூக்கும், ஆனால் இரவு வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கும் நாட்களில் பூ உதிரும். சிறிய செர்ரி தக்காளி ரகங்கள் குளிரை ஓரளவு தாங்கும். மதிய வெயில் விழும் சுவரை ஒட்டி வைத்தால் பகலில் சுவர் வாங்கிய சூடு இரவில் உதவும். மேலே ஒரு பாலித்தீன் கூரை போட்டால் இன்னும் நல்லது. அது குளிருக்காக மட்டும் அல்ல, இலையில் மழை படாமல் இருப்பதற்கும்தான். உருளைக்கிழங்கை அழிக்கும் இலைக்கருகல் நோயேதான் தக்காளியையும் அழிக்கிறது. அந்தக் கிருமிக்கு ஈர இலையும் குளிர்ந்த காற்றும் வேண்டும், ஆனி மாதம் இரண்டையும் தரும். அதனால் தக்காளியை உருளைப் பாத்திக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு மரத்தக்காளி இருக்கிறது. இரண்டாம் ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்கும், ரசத்துக்கும் சட்னிக்கும் அருமையாக இருக்கும். வேர் மேலாக ஓடும் மரம் என்பதால் காற்றுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும்.

வெண்டை, கத்தரி, புடலை போடலாமா?

கூடலூர், பெரும்பாறை போன்ற தாழ்ந்த இடங்களில் போடலாம். அதற்கு மேலே வேண்டாம்.

கேரட், கோஸ், முள்ளங்கி இவற்றைக் கோடையில் தொடர்வது தவறா?

தவறே இல்லை. சமவெளியில் கோடையில் நினைத்துப் பார்க்க முடியாத காய்கள் நமக்குச் சித்திரையிலும் வரும். 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் ஊட்டியில் இந்த விதைகளைக் கொண்டுவந்து போட்டதே இந்தத் தட்பவெப்பத்துக்காகத்தான், இன்றைக்கும் சந்தையில் இவற்றை இங்கிலீஷ் காய்கறி என்றுதான் சொல்கிறோம். கோடைக்கு மாறுவது என்றால் குளிர்ப் பயிரை எல்லாம் கைவிட வேண்டும் என்பதில்லை. அவற்றுக்குப் புது விதைப்பும் புது இடமும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பங்குனியில் விதைத்த கேரட் 100, 110 நாளில் வரும். சிக்கல் முளைப்பில்தான். விதை மிகச் சிறியது, மேலாக விதைக்கிறோம், வெயிலில் மேல் மண் ஒருநாள் காய்ந்தாலும் முளை கருகிவிடும். விதைத்த வரிசை மேல் நனைத்த சாக்கை விரித்துவைத்து, முளை தெரிந்த அன்று மாலை எடுத்துவிடுங்கள். முளைத்த பிறகு 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கலைத்துவிடுங்கள், மனசு வராவிட்டாலும்.

கோஸுக்குக் கோடையில் வரும் எதிரி வைரமுதுகுப் பூச்சியின் புழு. மழை இல்லாத நாட்களில்தான் பெருகும். பாத்தியைச் சுற்றி இரண்டு வாரம் முன்பே கடுகு விதைத்துவைத்தால் அந்துப்பூச்சி அங்கே போய் முட்டையிடும். கடுகுச் செடியோடு புழுவையும் அழித்துவிடலாம். மெல்லிய வலை கட்டினால் இதுவும் தேவையில்லை.

இன்னொன்று, நல்ல ஈரம் இருந்தும் மதியத்தில் கோஸ் செடி வாடினால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் வீங்கி முண்டு முண்டாக இருந்தால் அது வேர்வீக்க நோய். புளித்த மண்ணில் வரும், பல ஆண்டுகள் மண்ணிலேயே தங்கும். அந்த வேரைக் குப்பைக்குழியில் போடக்கூடாது, எரித்துவிட வேண்டும். அந்தப் பாத்தியில் கோஸ், முள்ளங்கி, நூக்கல், டர்னிப், கடுகு எதுவும் பல வருடத்துக்கு வேண்டாம். பெரும்பாலும் வாங்கிவந்த நாற்றோடுதான் இந்த நோய் வீட்டுக்குள் வரும். நாற்றை நீங்களே குழித்தட்டில் வளர்த்துக்கொள்வது இதற்காகத்தான்.

சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்கு முளைத்துவிட்டது. நடலாமா?

தயவுசெய்து வேண்டாம். 1961இல் ஊட்டிப் பகுதியில் உருளையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. நாட்டில் முதன்முதலில் அது தெரியவந்தது இங்கேதான். கொடைக்கானல் மலையிலும் இருக்கிறது. கடுகு அளவுகூட இல்லாத கூட்டுக்குள் முட்டைகள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண், கடன் வாங்கிய மண்வெட்டி, செருப்பு எதிலும் அது பயணம் செய்யும். உங்கள் தோட்டம் சுத்தமாக இருந்தால் அதை அப்படியே வைத்திருக்க வேண்டியது உங்கள் கையில் இருக்கிறது.

விதைக்கிழங்கு வாங்கும்போது இந்த நூற்புழுவை எதிர்க்கும் குஃப்ரி சுவர்ணா, குஃப்ரி சஹ்யாத்ரி போன்ற ரகங்கள் கிடைக்குமா என்று கேளுங்கள். ஊட்டி முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது.

நீலகிரி விவசாயிகள் உருளையை நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்று முறை போடுவார்கள். தை, மாசியில் நட்டுப் பாசனத்தில் வளர்ப்பது நீர்போகம். பங்குனி, சித்திரையில் நட்டுக் கோடை மழையை நம்புவது கார்போகம். வீட்டுக்குத் தண்ணீர் வசதி இருந்தால் நான் நீர்போகத்தைத்தான் சொல்வேன், கருகல் நோய் வருவதற்கு முன் கிழங்கு கைக்கு வந்துவிடும். கார்போகத்தில் நட்டவர்கள் ஒரு மாதத்துக்குப் பிறகு மண் அணைத்து, கிழங்கு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படியிருந்தாலும் ஒரு பாத்தியில் உருளை போட்டால் அடுத்த மூன்று வருடம் அங்கே உருளையும் தக்காளியும் வேண்டாம்.

கோடையில் குழாய்த் தண்ணீரே சரியாக வருவதில்லை. தோட்டத்துக்கு எங்கே போவது?

சித்திரை, வைகாசியில் சுற்றுலாக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், நியாயமான கேள்வி. முதலில் எவ்வளவு தேவை என்று பார்த்துவிடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். வெயிலும் காற்றும் சேர்ந்த நாளில் பாத்தி இழப்பது 4, 5 மில்லிமீட்டர் என்று வைத்தால், பத்து சதுர மீட்டர் தோட்டத்துக்கு நாளுக்கு 40 முதல் 50 லிட்டர். மூடாக்குப் போட்டால் இதில் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம். அரிசி, காய் கழுவிய தண்ணீரில் ஒரு பங்கு கிடைக்கும். சோப்புத் தண்ணீரைக் கீரைக்கும் கேரட்டுக்கும் விட வேண்டாம்.

கோடை மழையைப் பிடித்துவைப்பதில்தான் பெரிய லாபம் இருக்கிறது. 50 சதுர மீட்டர் தகரக் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சிந்தியது போக 800 லிட்டர் சேரும். சித்திரையில் ஒரே மாலையில் அவ்வளவு பெய்வது உண்டு. கூரை ஓரம் தகர வாய்க்காலும் அவ்வளவும் பிடிக்கும் பீப்பாய்களும் இருந்தால் அடுத்த இரண்டு வாரக் கவலை தீரும். பீப்பாயைக் கொசு வலையால் மூடிவிடுங்கள்.

தண்ணீரைத் தினமும் மேலாகத் தெளிப்பதைவிட ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் ஆழமாக விடுவது நல்லது. மாலையில் விட்டால் இரவு முழுவதும் இலை ஈரமாக இருக்கும், நத்தைக்கும் கொண்டாட்டம்.

மூடாக்குக்கு எதைப் போடலாம்?

காய்ந்த புல், சில்வர் ஓக் சருகு, பீன்ஸ் தட்டை எல்லாம் நல்லது. கொடைக்கானலில் பைன் ஊசி தாராளமாகக் கிடைக்கும். மண்ணைப் புளிப்பாக்கும் என்று பயப்படுகிறார்கள், மேலாகப் போடுவதால் பெரிய மாற்றம் எதுவும் வராது. சீகை (வாட்டில்) மரத்தின் பச்சைத் தழையும் போடலாம், அதில் தழைச்சத்து உண்டு. கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையை மட்டும் தவிருங்கள், அதன் எண்ணெய் முளைப்பைக் கெடுக்கும். கிக்குயூ புல்லை வேர்த்தண்டோடு கொண்டுவந்து போட்டால் மூடாக்கே புல்வெளி ஆகிவிடும். வெயிலில் நன்றாகக் காய்ந்து சருகான பிறகே போடுங்கள்.

பங்குனியில் திடீர்ப் பனி, சித்திரையில் ஆலங்கட்டி. இளஞ்செடியை எப்படிக் காப்பது?

பனிக்கு: மாலையில் வானம் தெளிந்து, காற்று அடங்கி, குளிர் சுருக்கென்று ஏறினால் அன்றிரவு மூடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளின் மேல் மிலார் என்ற செடியின் தழையைப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். பழைய புடவையும் சாக்கும்கூடப் போதும், காலையில் எடுத்துவிட வேண்டும்.

ஆலங்கட்டிக்கு: மூங்கில் பிளாச்சை வளைத்து நட்டு மேலே நிழல்வலை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அடிபட்ட பீன்ஸ் செடியை உடனே பிடுங்க வேண்டாம், நடுக்குருத்து தப்பியிருந்தால் பத்து நாளில் துளிர்க்கும்.

காட்டெருமை, முள்ளம்பன்றி, குரங்கு?

கோடையில் காடு காய்வதால் இவை ஊருக்குள் இறங்கும். காட்டெருமை வேலியை மதிக்காது. அது வரும் வழியில் கோஸும் பீன்ஸும் வைக்காமல் வீட்டுச் சுவரை ஒட்டி வைப்பதுதான் நடைமுறை. வந்துவிட்டால் விரட்டப் போகாதீர்கள், வீட்டுக்குள் இருந்துகொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். முள்ளம்பன்றிக்குக் கம்பிவலையை ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் புதைத்தால் உருளையும் கேரட்டும் தப்பும். குரங்கு அதிகம் வரும் வீட்டில் மக்காச்சோளம் வேண்டவே வேண்டாம். பூண்டு, வெங்காயம், புதினாவை இவை அவ்வளவாகத் தொடுவதில்லை. சமையல் கழிவுக் குழியை மூடிவைப்பது கரடி, பன்றி இரண்டுக்குமே முக்கியம். வேலியில் நேரடியாக வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

தென்மேற்கு மழைக்கு முன் என்னென்ன முடித்திருக்க வேண்டும்?

மேற்கு நீலகிரிக்காரர்களுக்கு இது மிக அவசரம். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்த இடம் இது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான், ஆனாலும் ஆனி, ஆடிக் காற்று எல்லாரையும் தேடி வரும்.

வைகாசி முடிவதற்குள் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே, ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். மேல் பக்கம் ஒரு வடிகால் வெட்டி, தண்ணீர் பாத்திக்குள் இறங்காமல் ஓரமாகப் போகும்படி செய்யுங்கள். பீன்ஸ் குச்சிகளை நாலு நாலாகச் சேர்த்து உச்சியில் கட்டினால் காற்றில் சாயாது. மேரக்காய்ப் பந்தலின் கால்களைத் தொட்டுப் பார்த்து, ஆடுவதை மாற்றுங்கள். முற்றிய பூண்டையும் வெங்காயத்தையும் எடுத்துக் காய்ந்த இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். நத்தைக்கு ஈரச் சாக்கை மாலையில் பாத்தி ஓரம் போட்டுவைத்துக் காலையில் திருப்பிப் பொறுக்கினால் போதும், சாம்பல் தூவினால் மழையில் நிற்காது. காலியான பாத்தி ஏதாவது இருந்தால் வெறுமனே விடாமல் முள்ளங்கியோ கீரையோ விதைத்துவிடுங்கள், அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆவணியில் கடைபோக விதைப்புக்கு அந்தப் பாத்தியை மறுபடி கொத்திக்கொள்ளலாம்.